வீட்டுக்கு ஒரு நம்பர்

சந்தேகப்படுவதில் டொறீனை மிஞ்ச அலுவிகாரை ஊரிலேயே ஆள் கிடையாது. மீன்காரன் தராசைத் தூக்கினால் அவள் கண் மீனில் இருக்காது, அவன் சுண்டுவிரலில் இருக்கும். பூசையில் ஃபாதர் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டினாலும், "இன்னைக்கு ரெண்டாவது காணிக்கைத் தட்டு வரும் போல" என்று பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுப்பாள். பெரும்பாலும் அவள் சொன்னபடியே நடந்துவிடும். அதுதான் அவளைக் கெடுத்து வைத்திருந்தது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வியாழக்கிழமை கொழும்பிலிருந்து அந்த அழைப்பு வந்தது. "குடும்பங்கள் தங்களோட சொத்த எப்படிப் பார்த்துக்கிறாங்கன்னு ஒரு ஆராய்ச்சி செய்றோம் ஆன்ட்டி. சனிக்கிழமை வீட்டுக்கு வரலாமா?" என்று ஒரு பெண்குரல் தேனொழுகக் கேட்டது. முடியாது என்று சொல்ல டொறீன் வாயெடுப்பதற்குள் கணவர் கிறிஸ்தோபர் போனை வாங்கி, "தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அவருடைய அவசரம் புதிதல்ல. அவர்கள் மகள் பிரின்ஸிக்குக் கோயில் உபதேசியார் கண்டியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்ததிலிருந்தே மனிதர் இப்படித்தான் இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள், நேரில் வராமல் ஆள் அனுப்பிச் சத்தமில்லாமல் விசாரிப்பார்கள் என்று உபதேசியார் அவர் காதில் போட்டு வைத்திருந்தார். சொத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றால் அது வேறு யாராக இருக்க முடியும்?

டொறீன் வேறு முடிவில் இருந்தாள். சொத்தைப் பற்றிக் கேட்பவன் வரிக்காரன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்தச் சொத்துதான் இந்த வீட்டின் தீராத தலைவலி. ஊருக்குச் சற்றுத் தள்ளி நாலந்தாவில் இருக்கும் மிளகுத் தோட்டம். பிரின்ஸி கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று வருடமாக அதைத் தன் கையில் வைத்திருக்கிறாள். காய்ந்துபோன கொடிகளைப் பிடுங்கிப் புதிதாக நட்டவள் அவள். டோஹாவில் வேலை செய்யும் அண்ணன் ஜெராட்டோ, ஊருக்கு வந்ததும் அதை வெட்டித் துப்புரவாக்கிச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டப்போவதாகப் போன மாதம் அறிவித்தான். தோட்டம் யாருக்கு என்று மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிரின்ஸியும் கேட்கவில்லை. கேட்டால், கல்யாணத்துக்கு முன்பே பங்கு கேட்டவள் என்று பெயர் வந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் வீடு இரண்டு கட்சியானது. கிறிஸ்தோபர் பூசைக்கு மட்டும் போடும் கறுப்பு லோங்ஸ் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, அலுமாரியிலிருந்து கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து மேசையில் அடுக்கினார். அவர் அந்தப்பக்கம் போனதும் டொறீன் அவற்றை உள்ளே வைத்துவிட்டு, காது உடைந்த பீங்கான் கோப்பைகளைக் கொண்டுவந்தாள். அவர் புதுக் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தார். அவள் அதன்மேல் பழைய சேலையைப் போட்டு மூடினாள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கூட்டிக் காட்ட வேண்டும், வரிக்காரருக்குக் குறைத்துக் காட்ட வேண்டும். ஒரே வீட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படிக் காட்டுவது?

"என்னாங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா? எல்லாத்தையும் தூக்கி அவங்க கண்ணுல காட்டுறீங்களே!"

"வரிக்காரங்க போன் பண்ணிட்டா வருவாங்க? இது கண்டி ஆளுங்க டொறீன்."

"கண்டி ஆளுங்க எதுக்குக் கொழும்பு நம்பர்ல பேசுறாங்க?"

"அதுதான் சத்தமில்லாம விசாரிக்கிறதுங்கிறது."

இந்த மனிதரோடு பேசிப் பயனில்லை என்று டொறீன் மிளகு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பத்து மணிக்குச் சாம்பல் நிறக் கார் ஒன்று வாசலில் நின்றது. நடுத்தர வயது மனிதர் ஒருவர் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்துவிட்டுப் படியேறினார். பெயர் மகேஸ்வரன். அவருக்குப் பின்னால் தலையில் முக்காடும் கையில் இரண்டு டெப்லட்டுமாக ஓர் இளம்பெண். போனில் பேசியவள் இவள்தான், பெயர் ஸக்கியா. இருவரும் அட்டை கொடுத்தார்கள். ஆலோசனை நிறுவனம் என்று போட்டிருந்தது. கிறிஸ்தோபர் அதைப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டொறீன் முன்பக்கம் வாசித்து, பின்பக்கம் வாசித்து, வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள்.

"கண்டிக் கத்தோலிக்கக் குடும்பத்துல விசாரிக்க முஸ்லிம் புள்ளைய அனுப்புவாங்களா?" என்று கணவரின் காதில் கேட்டாள்.

"நமக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னுதான்," என்றார் அவர்.

பிரின்ஸி பால் சேர்க்காத பிளேன் டீ கொண்டுவந்தாள். சீனிக் கிண்ணத்தை முதலில் மகேஸ்வரனிடம் நீட்டினாள். பிறகு அப்பாவிடம். ஸக்கியாவிடம் மட்டும் கிண்ணத்தை நீட்டாமல் வெறும் கோப்பையை வைத்துவிட்டு நகர்ந்தாள். அந்தப் பெண்ணும் சீனி கேட்காமல், கலக்காமல், எடுத்துக் குடித்தாள்.

டொறீன் கண்ணிலிருந்து அது தப்பவில்லை. வந்தவளுக்குச் சீனி வேண்டாம் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? வாசலில் "வணக்கம்" என்று முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பேசிக்கொண்டார்களே! வரிக்காரராக இருந்தால் ஒரு சங்கடத்தோடு போகும். பெற்ற மகள் அவர்களோடு கூட்டு என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மகேஸ்வரன் நிதானமாகப் பேசினார்.

"பெரிய பணக்காரங்களுக்கு அவங்க சொத்தப் பார்த்துக்கத் தனியா ஆள் இருக்காங்க. சொத்து முகாமைத்துவம்னு பேரு. அதே வேலைய சாதாரணக் குடும்பத்துக்கும் போன் வழியா செஞ்சு குடுக்கலாமான்னு ஒரு வங்கி எங்கள விசாரிக்கச் சொல்லியிருக்கு. உண்மையில வீட்டுல என்ன நடக்குதுன்னு பார்த்துட்டுப் போய் சொல்றதுதான் எங்க வேலை."

"வீட்டுல நடக்கிறது வங்கிக்கு எதுக்கு?" என்றாள் டொறீன்.

"தெரியாம செஞ்சா, யாருமே பாவிக்காத ஆப் ஒன்னுதான் மிஞ்சும் ஆன்ட்டி," என்று சிரித்தாள் ஸக்கியா.

"எங்க வங்கி இங்கதான் இருக்குங்க," என்று கிறிஸ்தோபர் மிளகு அறையைக் கைகாட்டினார். "வெல இல்லாதப்ப மூட்டையப் போட்டுப் பூட்டிருவோம். ஏறினா எடுப்போம். மிளகு கெட்டுப் போகாது, ஓடியும் போகாது. டொறீன், தொறந்து காட்டு."

"சாவி தொலஞ்சுபோச்சு," என்றாள் டொறீன். சொல்லிவிட்டு அவள் குசினிக்கு நடந்தபோது இடுப்பில் சாவி கலகலவென்று பேசியது. விருந்தாளிகள் நாகரிகமானவர்கள், காதில் விழாததுபோல் இருந்துகொண்டார்கள்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கேட்போம் என்றார் மகேஸ்வரன். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்களாம். சொல்வதையெல்லாம் டெப்லட் பதிந்துகொள்ளும், கடைசியில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று அதுவே சுருக்கி எழுதிவிடும். வீட்டாருக்கு அனுப்பலாம், வெளியே ஒருவருக்கும் போகாது, சம்மதமா? கிறிஸ்தோபர் உடனே சம்மதித்தார். பிரின்ஸியும் சம்மதித்தாள். டொறீன் வெளியே போகாது என்பதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

முதலில் கிறிஸ்தோபர். விறாந்தையில் மகேஸ்வரனும் அவரும் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். குசினி ஜன்னல் விறாந்தைப் பக்கம்தான். தேங்காய் துருவிக்கொண்டிருந்த டொறீன் துருவுவதை நிறுத்தினாள்.

"உங்களுக்குப் பிறகு அந்த நாலந்தா தோட்டம் யாருக்குன்னு முடிவு செஞ்சிருக்கீங்களா?"

நாலந்தா என்று இவருக்கு யார் சொன்னது? காலையிலிருந்து அந்தப் பேரை ஒருவரும் எடுக்கவில்லையே! டொறீன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

"அது என் மகளுக்குங்க," என்றார் கிறிஸ்தோபர் கணீரென்று. "முழுசா அவளுக்குத்தான். இப்பவே அங்க அவதான் ராணி. அவளக் கட்டிட்டுப் போறவன் குடுத்து வச்சவன்."

டொறீனுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிரின்ஸி வெயிலில் கறுத்துக்கொண்டு பாடுபடுவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளைக்கு ஒரு நியாயம் வேண்டும் என்று அவளுக்குள் ஒரு குரல் சொல்லும். ஆனால் சந்தோஷத்தின் பின்னாலேயே கோபம் வந்து நின்றது. அந்தத் தோட்டம் வாங்கியபோது போனது அவளுடைய நகை. தாலிக்கொடியைத் தவிர அவள் அம்மா போட்டுவிட்டது அத்தனையும் போனது. உறுதிப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஊரான் கேட்டதும் யாருக்கு என்று முழங்குகிற மனிதர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாரா?

அடுத்தது அவளுடைய முறை. கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். முற்றத்தில் ஸக்கியாவும் பிரின்ஸியும் மிளகு காயும் படங்கு விரிப்புக்குப் பக்கத்தில் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. ஒருதரம் பிரின்ஸி கண்ணைத் துடைத்ததுபோலவும் இருந்தது.

"உங்ககிட்ட நகை ஏதும் இருக்கா அம்மா?"

"கழுத்துல கிடக்கிறதுதான்." அது உண்மை. சொல்லிவிட்டுத் தாலிக்கொடியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"தோட்டம்?"

டொறீன் சுதாரித்துக்கொண்டாள். வெளிநாட்டில் இருக்கிறவனை இவர்கள் எங்கே போய்ப் பிடிப்பார்கள்? "அது எங்களோடது இல்லைங்க. எப்பவோ மகன் பேர்ல எழுதியாச்சு. நாங்க சும்மா காவல்காரங்க."

மகேஸ்வரனின் புருவம் லேசாக உயர்ந்தது. தன் டெப்லட்டில் எதையோ தட்டினார்.

"கடைசியா வீட்டுக்கு ஒரு நம்பர் வேணும். எல்லாரும் சொன்னதோட சுருக்கம் அந்த நம்பருக்கு வரும்."

நம்பரா? டொறீனுக்குச் சிரிப்பு வந்தது. இதற்குத்தானே இத்தனை சுற்று! நம்பரைக் கொடுத்தால் நாளையிலிருந்து காலையும் மாலையும் யாராவது அழைத்து உயிரை எடுப்பார்கள். தன் நம்பரை அவள் கடைக்காரனுக்குக்கூடக் கொடுத்ததில்லை. மின்சார பில் முதல் வங்கிக் கணக்கு வரை, இந்த வீட்டில் யார் எங்கே நம்பர் கேட்டாலும் ஜெராட்டின் நம்பர்தான். கணக்கெல்லாம் திறந்து கொடுத்தவன் அவன். வங்கி அனுப்பும் ரகசிய இலக்கம் வந்தாலும் அவனுக்குத்தான் வரும், அவன்தான் டோஹாவிலிருந்து வாசித்துச் சொல்வான்.

மனப்பாடமாக இருந்த அந்த நம்பரை அவள் ஒப்பித்தாள். தப்பித்துக்கொண்ட நிம்மதியோடு எழுந்து போனாள்.

விருந்தாளிகள் மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். கார் வளைவில் மறைந்ததும் கிறிஸ்தோபர் உபதேசியாரைப் பார்க்கப் புறப்பட்டார். "எல்லாம் திருப்தியாப் போச்சுன்னு சொல்லிட்டு வந்துர்றேன்," என்று லோங்ஸைக்கூட மாற்றாமல் திரீவீல் ஆட்டோவை மறித்து ஏறினார்.

மூன்று மணி தாண்டியதும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. தாயும் மகளும் முற்றத்துக்கு ஓடினார்கள். படங்கின் இரண்டு நுனியை பிரின்ஸி பிடிக்க, மற்ற இரண்டையும் டொறீன் பிடித்தாள். மிளகு நடுவில் குவிந்தது. டொறீன் நுனியை விடாமல் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்குச் சீனி வேணாம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பிரின்ஸி நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள் போலிருந்தது. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

"கொழும்புல நான் வேல செஞ்சப்ப ஸக்கியாவும் அங்கதான் இருந்தா. அப்ப இருந்தே அவ சீனி போட மாட்டா."

"அப்ப நீதான் கூட்டிட்டு வந்திருக்க. நாலந்தான்னு சொல்லிக் குடுத்ததும் நீதான். பெத்தவங்க மேலயே உளவாளியா?"

"உளவு இல்லம்மா. மலைநாட்டுல நம்மள மாதிரி ஒரு குடும்பம் வேணும்னு தேடிக்கிட்டு இருந்தாங்க. நான் நம்ம வீட்டச் சொன்னேன். அவங்க எல்லா வீட்டுலயும் ஒரு கேள்வி கேக்குறாங்க, உங்களுக்குப் பிறகு யாருக்குன்னு. அத நான் கேட்டா சண்டை. வெளி ஆள் கேட்டா பதில் வருது."

டொறீனுக்குச் சுருக்கென்றது. மகள் மூன்று வருடமாக வாய்க்குள் வைத்திருந்த கேள்வி அது. அதை இறக்கி வைக்கக் கொழும்பிலிருந்து கார் பிடித்து ஆள் வர வேண்டியிருந்ததா?

"நீ என்ன பதில் சொன்ன?"

"என் பதில் எதுக்கு? உங்க ரெண்டு பேர் பதிலும்தான் எனக்கு வேணும். எல்லாம் சுருக்கத்துல வந்துரும்." மழையின் முதல் துளிகள் விழுந்தன. பிரின்ஸி படங்கில் தன் பக்கத்தைத் தோளுக்கு ஏற்றினாள். "ஆமா, வீட்டு நம்பர்னு யார் நம்பரக் குடுத்தீங்க?"

டொறீனின் கை நுனியை விட்டது. ஒரு பிடி மிளகு ஈர மண்ணில் கொட்டியது.

"அப்பாவோடது," என்றாள்.

உள்ளே போனதும் ஸக்கியாவின் அட்டையைத் தேடி எடுத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாழ்நாளில் முதல்தடவையாக ஓர் அந்நியருக்குத் தன் நம்பரிலிருந்தே அழைத்தாள்.

"அந்தச் சுருக்கத்த அனுப்பாதீங்க மகள்."

"ஐயோ ஆன்ட்டி, அது அப்பவே போயிருச்சே. ஏன், சரியா வந்து சேரலையா?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். காலையிலிருந்து வாசலையே காவல் காத்தவள், கொல்லைக் கதவைத் தானே திறந்து வைத்திருக்கிறாள். தகப்பன் ஒன்று சொல்ல, தாய் ஒன்று சொல்ல, இரண்டும் இந்நேரம் ஜெராட்டின் கையில். அவன் கோபக்காரன். தங்கையோடு முகம் முறித்துக்கொண்டால் பிறகு யார் போய் ஒட்டவைப்பது? டொறீன் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

மாலைச் செபத்துக்கு மணி ஆறரை. கிறிஸ்தோபர் திரும்பி வந்திருந்தார், முகத்தில் தெளிவில்லை. "உபதேசியார் யாரும் வரலைங்கிறாரு. கண்டியில இருந்து இன்னும் ஆளே அனுப்பலையாம்," என்று முனகியபடியே அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். செபமாலையின் பாதியில் அவருடைய போன் அதிர்ந்தது. ஜெராட், வீடியோ அழைப்பு. செபத்தின் நடுவில் அவன் ஒருநாளும் அழைத்ததில்லை.

கிறிஸ்தோபர் போனை மேசையில் கோப்பையின்மேல் சாய்த்து வைத்தார். ஜெராட் வேலைச் சட்டையோடு எங்கோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. 'உங்கள் குடும்பத்தின் சொத்துப் படம்'னு. வாசிக்கிறேன், எல்லாரும் கேளுங்க."

பிரின்ஸி தாயைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் நம்பர் என்றாளே! டொறீன் தலை நிமிரவில்லை.

"'தோட்டம் யாருக்கு? தந்தை: மகளுக்கு, முழுவதுமாக.'" ஜெராட் நிறுத்தினான். "'தாய்: மகன் பெயரில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.' இதுல எதுப்பா உண்மை?"

"எழுதிட்டீங்களாம்மா?" பிரின்ஸியின் குரல் உடைந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"இல்ல புள்ள! சத்தியமா இல்ல. வரிக்காரங்கன்னு நெனச்சு வாயில வந்ததச் சொன்னேன்."

"நானும் கண்டி ஆளுங்கன்னு நெனச்சுத்தான்…" என்று ஆரம்பித்த கிறிஸ்தோபர், மகளின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கிக்கொண்டார்.

"அப்ப எனக்குன்னு சொன்னதும் பொய்தானாப்பா?"

கிறிஸ்தோபர் செபமாலையின் மணிகளை உருட்டத் தொடங்கினார். வெளியே கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இரு பிரின்ஸி, இன்னும் ஒன்னு இருக்கு," என்றான் ஜெராட். அவன் குரல் இறங்கியிருந்தது. "இது நீ சொன்னது. 'மகள்: தோட்டம் அம்மாவுடையது. அம்மாவின் நகையில் வாங்கியது. யாருக்கு என்று அம்மாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மா யாருக்குச் சொல்கிறாரோ அவருக்கு.'"

டொறீனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. முற்றத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் சொன்னது இதைத்தானா? இதைச் சொன்னவளைத்தான் உளவாளி என்றாளா? அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த நகையைப் பற்றி ஒருவர் பேசக் கேட்டது இதுதான் முதல்முறை. அந்த நன்றியும் வெட்கத்தோடு சேர்ந்துகொண்டது.

"நானும் கேட்டதில்லம்மா," என்றான் ஜெராட். "இப்ப கேக்குறேன். யாருக்கு?"

அந்தக் கேள்வியில் இருப்பது பாசமா, தனக்கென்று சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெற்ற மகனைக்கூட அளந்து பார்க்கிற தன் புத்தியை நினைத்து அவளுக்கே கசந்தது.

டொறீன் எழுந்தாள். இடுப்பிலிருந்து மிளகு அறைச் சாவியை எடுத்து மேசையில், போனுக்கு முன்னால் வைத்தாள்.

"தொலஞ்சுபோச்சுன்னியே?" என்றார் கிறிஸ்தோபர். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

"போன வச்சிராத ஜெராட். பிரின்ஸி, நீயும் வந்து உக்காரு," என்றாள் டொறீன். "நான் சொல்றேன். ஆனா நான் சொன்ன பிறகு எனக்கு ஒரு பிள்ளை மட்டும் மிஞ்சக் கூடாது. அதுக்கு முதல்ல ரெண்டு பேரும் சம்மதம் சொல்லுங்க."

பிரின்ஸி, "சம்மதம்மா," என்றாள்.

போனில் ஜெராட்டின் உதடு அசையவில்லை. அழைப்பு அறுந்துவிட்டதா என்று கிறிஸ்தோபர் குனிந்து பார்த்தார். அறுந்திருக்கவில்லை.